சமூகம் படித்தவள்

செம்பரைக்குளத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்த ஒரு விஷயம் ஓர் ஆடி மாதத்து மத்தியானத்தில் எல்லாருக்கும் மறந்துபோனதைச் சொல்வதற்கு முன்னால், அந்த ஊரில் எம்.ஏ. சமூகவியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த கனகமணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊருக்கு மறந்தது அவளுக்கு மட்டும் மறக்கவில்லை, அதனால்தான் அவளைத் தேடி வேலை வந்தது, வந்த வேலை அவள் கழுத்தையும் பிடித்தது.

கனகமணியின் அம்மா பூலம்மாள் பீடி சுற்றி மகளைப் படிக்க வைத்தவள். மடியில் தட்டை வைத்துக் குனிந்து குனிந்து முதுகு வளைந்து, புகையிலைத் தூள் நெஞ்சுக்குள் இறங்கி, இப்போதெல்லாம் ஒரு கட்டு முடிப்பதற்குள் இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. இனி தட்டைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொடாவிட்டால் அடுப்பு எரியாது என்பது டாக்டருக்குத் தெரியாது. மகளுக்கு ஒரு வேலை கிடைத்தால் பூலம்மாள் தட்டைக் கீழே வைப்பாள், கிடைக்காவிட்டால் இருமிக்கொண்டே சுற்றுவாள், இவ்வளவுதான் அந்த வீட்டின் நிலைமை.

படிப்பின் பெயரைச் சொல்லி வேலை கேட்கப் போன இடத்திலெல்லாம் அந்தப் பெயரே அவளைக் கவிழ்த்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் சோசியல் டீச்சர் வேண்டும்தான், ஆனால் பி.எட். இல்லையே என்றார்கள். ஒரு தொண்டு நிறுவனத்தில், “சமூக சேவைதானே? சேவைக்கு எதுக்கும்மா சம்பளம்?” என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுச் செல்லக்கனி, சோசியாலஜி என்று காதில் விழுந்ததைச் சோசியம் என்று எடுத்துக்கொண்டு, தன் மகளின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, “ஏட்டி, இவளுக்குச் செவ்வாய் எங்கன இருக்குன்னு பாரு” என்று எதிரே உட்கார்ந்துகொண்டாள். கடைசியாகத் திருநெல்வேலியில் ஒரு சர்வே கம்பெனியில் இன்டர்வியூ. டை கட்டிய ஒருவர், சமூகவியல் என்றால் என்ன என்று கேட்டார். மனிதர்கள் ஏன் கூடியிருக்கிறார்கள், ஏன் பிரிந்திருக்கிறார்கள், யார் யாரைத் தள்ளி வைக்கிறார்கள் என்பதைப் படிப்பது என்று அவள் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். “அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்துக்கு யாரும்மா சம்பளம் குடுப்பா?”

அவள் பஸ் ஏறிய அதே மத்தியானம் செம்பரைக்குளத்தில் ஆடிக் காற்று அடித்தது. அடிக்கிற மாதம்தான், அடிக்கிற காற்றுதான். கணவாய் வழியாக வந்து, கொடியில் காய்ந்த வேட்டியை எடுத்து முருங்கை மரத்தில் போட்டு, சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவர்களின் ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறி, அது பாட்டுக்குக் கிழக்கே போய்விட்டது. போகும்போது ஊரில் யார் யார் என்ன சமூகம் என்பதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. எழுந்தவர்கள் முகம் கழுவினார்கள், டீ குடிக்கப் புறப்பட்டார்கள், அப்புறம்தான் ஏதோ ஒன்று குறைகிறதே என்று மடியைத் தடவிப் பார்த்தார்கள்.

சமூகம் என்ற சொல்லுக்கு அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான் உண்டு. கொச்சையாகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், “நீங்க என்ன சமூகம்?” என்று குரலை இறக்கிக் கேட்பார்கள். இப்போது அந்தக் கேள்வி மட்டும் மிச்சமிருந்தது, அதற்குப் பதில் ஒருவரிடமும் இல்லை. அவரவர் சர்டிபிகேட்டில் அந்தக் கட்டம் வெள்ளையாக இருந்தது. வெளியூர் உறவினர்கள் போனில் கத்திக் கத்திச் சொன்னார்கள், சொன்னது காதில் விழுந்தது, ஆனால் நிற்கவில்லை. நேரில் வந்து சொல்லிவிடலாம் என்று கிளம்பியவர்கள் ஊர் முகப்பு வளைவைத் தாண்டியதும் தாங்களும் மறந்து, எதற்கு வந்தோம் என்று தலையைச் சொறிந்தார்கள்.

கனகமணியோடு பஸ்ஸில் வந்தவர்களும் அப்படித்தான் வளைவில் மறந்தார்கள். அவளுக்கு மறக்கவில்லை. மற்றவர்கள் அதைப் பிறந்ததிலிருந்தே தெரிந்துவைத்திருந்தார்கள், ஒருவர்கூட உட்கார்ந்து படித்ததில்லை. அவளோ புத்தகம் வைத்துப் படித்து, பரீட்சை எழுதித் தேறியவள். தெரிந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு போன காற்றுக்குப் படித்ததைத் தூக்கத் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கியவளை டீக்கடை நெல்லையப்பன் கைதட்டிக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் கூப்பிடாதவர் பெஞ்சைத் துண்டால் தட்டி உட்காரச் சொல்லி, கண்ணாடி டம்ளரில் டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு, கடைக்குப் பின்பக்கம் ஆணியில் தொங்கிய அலுமினியக் குவளைகளைக் காட்டி, “இத எதுக்குத் தனியா தொங்க விட்டேன்னே தெரியலம்மா. ஒருவேளை சளி பிடிச்சவங்களுக்கு வச்சிருப்பேனோ?” என்று கேட்டார். அவள் “இருக்கும் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்து எழுந்துவிட்டாள்.

அன்றிலிருந்து செம்பரைக்குளத்தில் சளி பிடித்தவர்கள் அலுமினியக் குவளையில் குடித்தார்கள், அதில் பேரூராட்சித் தலைவரின் மச்சானும் அடக்கம். ஊருக்கும் கனகமணியின் வீடு இருக்கிற காலனிக்கும் நடுவே நிற்கிற சுவரை ஜனங்கள் போய்ப் போய்ப் பார்த்தார்கள், வெள்ளத்துக்குக் கட்டியது என்றார்கள் சிலர், காலனிப் பக்கம்தான் பள்ளம், வெள்ளத்தை அங்கே தள்ளுகிற மாதிரி எவன் கட்டுவான் என்றார்கள் சிலர். இரண்டு சுடுகாடு எதற்கு என்று கேட்டு, விடை கிடைக்காமல், பக்கத்தில் இருந்ததில் கொண்டுபோய் எரித்தார்கள். கல்யாணத் தரகர்கள் வாயைத் திறந்து முதல் கேள்வியிலேயே நின்றுபோனார்கள், ஆவணிக் கல்யாணத்துக்குப் பேசத் தொடங்கிய ஒரு சம்பந்தமும் முடியவில்லை. குழாயடியில் சண்டை போட்டவர்கள் சரியான வசவு வாயில் வராமல், “ஏ... ஏ...” என்று இழுத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று தெரியாததால் முன்னால் நின்றவர் தலையில் பட்டர் பரிவட்டத்தைக் கட்டினார், முன்னால் நின்றவர் தேங்காய் உடைக்க வந்த கொத்தனார்.

பூலம்மாள் செருப்புப் போட்டுக்கொண்டு மேலத்தெருவில் நடந்தாள். அவள் நடந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை, கனகமணி மட்டும் தெரு முனையில் நின்று பார்த்து அழுதாள். முன்பெல்லாம் ‘ஐயா’ என்று ஒதுங்கி நின்றவள் இப்போது எதிரே வந்தவர்களையெல்லாம் ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனாள்.

இதையெல்லாம் கேட்டு, ஊர் சொர்க்கமாகிவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் அது உங்கள் அவசரம். மறந்ததால் யாருடைய வயலும் கை மாறவில்லை, காலனிக்குக் குழாய் வரவில்லை. ஏன் இந்தப் பக்கம் மட்டும் தண்ணீர் இல்லை என்று செல்லக்கனி பேரூராட்சியில் போய்க் கேட்டால், அங்கிருந்தவர்கள் நிஜமாகவே முழித்தார்கள். அவள் மகளுக்கு ஹாஸ்டலில் இடம் வேண்டும், உதவித்தொகை வேண்டும், இரண்டுக்கும் அந்த வெள்ளைக் கட்டத்தில் ஏதாவது எழுதியிருக்க வேண்டும். “ஏட்டி கனகமணி, காரணம் போயிருச்சு, சரி. கஷ்டம் இங்கனயேல்லா கெடக்கு” என்றாள் செல்லக்கனி. கனகமணி படித்த புத்தகங்களில் இதற்கு ஒரு பக்கம்கூட இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு வேறு மாதிரி அரித்தது. யாரிடம் குரலை உயர்த்தலாம், யாரிடம் இறக்க வேண்டும் என்று தெரியாமல் எல்லாரிடமும் மரியாதையாகப் பேசிப் பேசி அவர்களுக்குத் தாடை வலித்தது. கோயில் கொடைத் திருவிழா நெருங்க நெருங்க அந்த அரிப்பு கோபமானது. சப்பரம் எந்தெந்தத் தெருவில் போக வேண்டும், யார் தோளில் போக வேண்டும் என்று கேட்டு இளவட்டங்கள் மந்தையில் கூடினார்கள். கூடியவர்கள் கம்பு எடுத்தார்கள். யாரை அடிப்பது என்று தெரியாமல் கம்போடு வெயிலில் நின்றார்கள், நிற்க நிற்க எவனையாவது அடித்தால்தான் தீரும் என்று ஆகிவிட்டது. ஒரு சாயங்காலம் அவர்களுக்குள்ளேயே இரண்டு பேர் மண்டை உடைந்தது.

மறுநாள் காலையில் பேரூராட்சித் தலைவர் ஆவுடையப்பன் பூலம்மாளின் வீட்டுக்கு வந்தார். மேலத்தெருவில் மாடி வீடும் அரிசி மில்லும் உள்ளவர், சுவரைக் கட்டியதே அவருடைய அப்பாதான், அது இப்போது அவருக்குத் தெரியாது. தலை குனிந்து வாசலில் நுழைந்து, பீடித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, பூலம்மாள் கொடுத்த சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்தார். கனகமணி வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீ சமூகம்தானம்மா படிச்சிருக்க?”

“சமூகவியல், அண்ணாச்சி.”

“அதத்தான் சொல்லுதேன். அந்தப் படிப்புக்கு ஊர்ல நீ ஒருத்திதான். யாரு என்ன சமூகம்னு நீ சொல்லிரணும். வெளியூர்க்காரன் சொன்னா காதுல நிக்க மாட்டேங்கு. நீ நம்ம ஊரு புள்ள, நீ சொன்னா நிக்கும்னு எல்லாரும் நெனைக்காவ.”

“அந்தப் படிப்பு அதுக்கு இல்ல அண்ணாச்சி.”

“எதுக்கா இருந்தா என்ன? உனக்கு ஞாபகம் இருக்கா இல்லையா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. பேரூராட்சியில் சமூகவியல் அலுவலர் என்று நிரந்தரமாக ஒரு பதவி, கௌரவமான சம்பளம், உட்கார நாற்காலி, எல்லாவற்றுக்கும் தீர்மானம் போட்டாயிற்று, வெள்ளிக்கிழமை கல்யாண மண்டபத்துத் திடலில் ஊர்க்கூட்டம், அங்கே அவள் வீடு வீடாகச் சொல்லி முடித்ததும் ஆர்டர் கையில் என்றார். எந்த விதியில் இப்படி ஒரு பதவிக்கு இடமிருக்கிறது என்று ஒருவரும் தேடவில்லை. வாசலைத் தாண்டும்போது அவர் திரும்பி, “சொல்லலேன்னா கொடையன்னிக்கு எத்தனை தலை உருளும்னு எனக்குத் தெரியாது. யோசிச்சுக்கோ” என்றார். மிரட்டினாரா கெஞ்சினாரா என்று அவருக்கே தெளிவில்லை.

அவர் போனதும் பூலம்மாள் மகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எம்.ஏ. படித்த மகளுக்கு ஊர்த் தலைவரே வீடு தேடி வந்து வேலை தருகிறார், இனி இந்தத் தட்டை அடுப்பில் போட்டு எரித்துவிடலாம் என்று சிரித்துச் சிரித்துப் பேசினாள், பேசும்போதே இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். இருமி ஓய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, “அது என்னட்டி, ஊருக்கே மறந்துபோன சங்கதி? எனக்குச் சொல்லேன்” என்றாள்.

“உனக்கு வேண்டாம்மா.”

“ஏன் வேண்டாம்? கண்ணவிஞ்சு பீடி சுத்திப் படிக்க வச்சிருக்கேன். எம்மவ என்ன படிச்சான்னு நான் தெரிஞ்சுக்கிடக் கூடாதா?”

கனகமணி மறுத்துப் பார்த்தாள். பூலம்மாள் முகம் சுருங்கி, படித்த திமிர் என்று முணுமுணுத்தாள். அது தாங்காமல் கனகமணி அம்மாவின் காதருகே போய் அந்தச் சொல்லைச் சொன்னாள். நாம் இன்னார், நம்மை இன்ன இடத்தில் வைத்திருந்தார்கள், அந்தச் சுவர் நமக்காகத்தான். காற்று எடுத்துக்கொண்டு போனது, மகள் வாயிலிருந்து வந்ததால், பூலம்மாளின் காதில் நின்றுவிட்டது.

பூலம்மாள் தலைவர் உட்கார்ந்திருந்த கட்டிலைப் பார்த்தாள், அவர் குடித்த சொம்பைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தட்டை எடுத்து மடியில் வைத்தாள்.

மறுநாள் மேலத்தெருவில் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். எடுக்கச் சொன்னவர் யாரும் இல்லை, எடுக்க வேண்டும் என்று தெரிந்தவரும் அந்தத் தெருவில் யாரும் இல்லை. “செருப்பு அந்து போச்சா பூலம்மா?” என்று நெல்லையப்பன் நிஜமான கவலையோடு கேட்டார். “ஆமாய்யா” என்று சொல்லி அவள் ஓரமாக ஒதுங்கி நின்றாள். எதிரே ஒருவரும் வரவில்லை, அப்படியும் அவள் ஒதுங்கித்தான் நின்றாள். பின்னால் வந்துகொண்டிருந்த கனகமணி, ஒரு சொல்தானே சொன்னேன் என்று நினைத்தாள். நான் சொன்னது ஒரு சொல், மிச்சத்தையெல்லாம் அம்மாவே செய்துகொள்கிறாளே என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. கல்யாண மண்டபத்துத் திடலில் சாமியானா போட்டு, அதன் கீழே நாற்காலி போட்டு, மேடையில் ஆவுடையப்பனும் கனகமணியும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் அவளுடைய ஆர்டர் காற்றில் பறக்காமல் ஒரு தண்ணீர் டம்ளருக்குக் கீழே இருந்தது. சுற்றிலும் இளவட்டங்கள் கம்போடு நின்றார்கள். செல்லக்கனி மகளோடு முன்வரிசையில் இருந்தாள். பூலம்மாள் மட்டும் சாமியானாவுக்கு வெளியே, உச்சி வெயிலில், வெறுங்காலோடு நின்றாள். காலி நாற்காலிகளைக் காட்டி, “உள்ள வந்து உக்காரு பூலம்மா, ஏன் வெயில்ல நிக்கே?” என்று ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவள் வரவில்லை.

மைக் கனகமணியிடம் வந்தது. ஆர்டரைப் பார்த்தாள், வெயிலில் நிற்கிற அம்மாவைப் பார்த்தாள்.

“எனக்கும் மறந்துபோச்சு” என்றாள்.

வெயிலிலிருந்து பூலம்மாளின் குரல் வந்தது. “பொய்யி! பொய் சொல்லுதாய்யா! அவளுக்கு எல்லாம் தெரியும், எனக்குச் சொன்னா! சொல்லிருட்டி கனகமணி, கெடைச்ச வேலைய விட்டுராத! என்னப் பாக்காத, சொல்லிரு!” கத்தி முடிப்பதற்குள் இருமல் அவளை இரண்டாக மடித்துவிட்டது.

திடல் எழுந்து நின்றது. நாற்காலிகள் விழுந்தன. தெரிந்துகொண்டே ஒளிக்கிறாள் என்று ஒருவன் கத்த, ஆளாளுக்குக் கத்த, கம்போடு நின்றவர்கள் மேடையை நெருங்கினார்கள். இத்தனை நாளும் யாரை அடிப்பது என்று தெரியாமல் நின்றவர்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது. ஆவுடையப்பன் மேஜையைத் தட்டி, “ஏம்மா, உசுரோட வீட்டுக்குப் போணுமா வேண்டாமா? சொல்லு!” என்றார்.

கனகமணியால் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இறங்கவும் முடியாது. வெயிலில் அம்மா இன்னும் இருமிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. தோன்றியதும் மைக்கைக் கையால் மூடிக்கொண்டாள்.

“சொல்லுதேன். மொதல்ல உங்களுக்குச் சொல்லுதேன் அண்ணாச்சி. குனியுங்க.”

ஆவுடையப்பன் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே குனிந்தார். நல்லதாகத்தான் வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கனகமணி, அம்மாவின் காதில் சொன்ன அதே சொல்லை, ஓர் எழுத்து மாற்றாமல், அவர் காதில் சொன்னாள். நீங்கள் இன்னார், உங்களை இன்ன இடத்தில் வைத்திருந்தார்கள், அந்தச் சுவர் உங்களுக்காகத்தான். அது அவருடைய சொல் இல்லை, பச்சைப் பொய். சொல்லும்போது அவளுக்குப் பயமாக இருந்தது, கொஞ்சம் ருசியாகவும் இருந்தது, அதை நான் மறைக்கப்போவதில்லை.

அது அவர் காதில் நின்றுவிட்டது.

நிமிர்ந்தவரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, எடுக்க மறந்துவிட்ட மாதிரி. உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார், மறுபடி உட்காரவில்லை. தோளில் கிடந்த துண்டு தானாகக் கைக்கு வந்தது, கையிலிருந்து இடுப்புக்குப் போனது. “தலைவரே, என்ன சொல்லுச்சு? அடுத்து எனக்குச் சொல்லச் சொல்லுங்க” என்று மச்சான் கீழேயிருந்து கேட்டார். ஆவுடையப்பன் மைக்கை வாங்கினார்.

“வேண்டாம்” என்றார். “யாருக்கும் வேண்டாம். போனது போகட்டும். இனிமே இந்த ஊர்ல அதப் பத்தி ஒருத்தரும் கேக்கப்பிடாது. சப்பரம் எல்லாத் தெருவுலயும் போகும். கம்பக் கீழ போடுங்கலே.” குரல் போகப் போகத் தேய்ந்து, கடைசி வார்த்தை மைக்கிலேயே சரியாகக் கேட்கவில்லை. தலைவர் முகம் வெளுத்ததைப் பார்த்தவர்கள், அப்படியென்ன கேட்டிருப்பார், நமக்கும் அதுவே வந்துவிட்டால் என்று நினைத்தார்கள். கம்புகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. அடுத்து எனக்கு என்று கேட்க ஓர் ஆள் இல்லை.

அவர் டம்ளரை நகர்த்தி ஆர்டரில் கையெழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக் கனகமணியிடம் நீட்டினார். “வேலை ஒங்களுக்குத்தாம்மா. நிரந்தரம். என்ன வேணும்னாலும் கேளுங்க. இது மட்டும் வெளிய தெரிஞ்சிரப்பிடாது.”

“காலனிக்குக் குழாய்” என்றாள் அவள். “செல்லக்கனி மகளுக்கு ஹாஸ்டல்ல எடம்.”

“செஞ்சிருவோம்மா” என்றார்.

பிறகு செருப்பை மேடைக்குக் கீழேயே விட்டுவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே போகாமல் ஓரமாகவே ஒதுங்கி ஒதுங்கி நடந்து, சாமியானாவின் நிழலைத் தாண்டி, வெயிலில் பூலம்மாளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஆடி வெயிலில் திடல் கொதித்துக்கிடந்தது. ஒரு காலைத் தூக்கி மறுகால் மேல் வைத்தார், அதை இறக்கிவிட்டு மற்றதைத் தூக்கினார். பூலம்மாள் அந்தக் காலைப் பார்த்தாள். மேடையில் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற மகளைப் பார்த்தாள். மகள் என்ன செய்திருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுபடியும் அவர் காலைப் பார்த்தாள்.

“மொதல்ல அப்படித்தான் சுடும் அண்ணாச்சி” என்றாள் மெதுவாக. “பொறவு பழகிரும்.”